சொன்னேன், சாமி

எனக்கு முன்னால் ஐந்து பேர். எண்ணி முடித்ததும் நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணுகிறேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு மிக அருகே இரண்டு கிழவிகள், அடுத்து கஸ்பார் உபதேசியார், அவருக்கு அடுத்து வலைக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர், என் தோளோடு தோளாக மதலேன் அக்கா. ஐந்துதான். பெரிய வியாழனுக்கு முந்தின நாள், சாயங்காலம் நாலு மணி, கோயில் சுவரெல்லாம் பகல் வெயிலைக் குடித்துவிட்டு இப்போது மூச்சு விடுகிறது, முதுகை வைத்தால் சேலை வழியாகச் சுடுகிறது. உபதேசியார் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று நினைத்துத்தான் இன்றைக்கு வந்தேன். பதினோரு வருஷமாக அவர் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்வது வெள்ளிக்கிழமைகளில், நான் அந்தக் கிழமையைத் தவிர்த்து வேறு எந்தக் கிழமையிலும் வருவேன், இது யாருக்கும் தெரியாது, எனக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் மட்டும் தெரிந்தது. வாசலில் நுழைந்து அவருடைய பிடரியைப் பார்த்ததும் கால் தானாகத் திரும்பியது. மதலேன் அக்கா விடவில்லை. "வாளா தெக்லா, இங்ஙன இடம் கெடக்கு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள். "வெளியூர்ச் சாமியாம். அடையாளம் தெரியாது பாரு, நமக்கு அதான் நல்லது. சட்டுன்னு விட்டுருதாவ." சிரித்தாள். நானும் சிரித்தேன். என் உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. உபதேசியார் திரும்பி யார் என்று பார்த்து, என்னைக் கண்டதும் தலையை மெல்ல அசைத்தார், மன்னிப்புக் கேட்கிறவரைப் போல. எப்போதும் அப்படித்தான் பார்ப்பார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வெட்கப்படுகிறார். என்னைப் பார்த்து அவர் வெட்கப்படுகிறார் என்பதை நான் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் கிழவி உள்ளே போய்விட்டாள். நாலு. இவ்வளவு வேகமாகப் போனால் இருபது நிமிஷத்தில் என் முறை. இன்றைக்குச் சொல்லிவிடுவேன். போன வருஷமும் இப்படித்தான் நினைத்தேன், அதற்கு முந்தின வருஷமும். உள்ளே போய் முழந்தாளிட்டதும் வாய் தானாக வேறு பட்டியலைச் சொல்லத் தொடங்கிவிடும், பிள்ளைகளை ஏசினேன் சாமி, மாமியார் மேல் கோபப்பட்டேன் சாமி, ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை சாமி. பிறகு சாமி கையை உயர்த்துவார். அந்தக் கை உயர்வதைக் கம்பி வலை வழியாகப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வேன். ஞானோபதேச வகுப்பில் பிரிஜித் சிஸ்டர் ஒரு கதை சொன்னார், எனக்கு எட்டு வயது. ஒரு பெண் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள், ஒவ்வொரு பாவத்தைச் சொல்லும்போதும் அவள் வாயிலிருந்து ஒரு தவளை குதித்து ஓடுகிறது, கடைசியில் ஒரு பெரிய பாம்பு தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறது, உடனே வெளியே போன தவளைகள் எல்லாம் திரும்பிவந்து ஒவ்வொன்றாக அவள் வாய்க்குள் குதிக்கின்றன. அன்று ராத்திரி வாயைப் பொத்திக்கொண்டு தூங்கினேன். இப்போது அதே வகுப்பை நான் எடுக்கிறேன். ஞாயிறுதோறும் பதினேழு பிள்ளைகளுக்கு, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒரே ஒரு சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் சொன்னது எதுவும் செல்லாது, அதற்குப் பிறகு வாங்குகிற நற்கருணை ஒவ்வொன்றும் தேவதுரோகம் என்று வாசிக்க வைக்கிறேன். பிள்ளைகள் ராகம் போட்டு வாசிக்கும். அப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போடுவேன், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு, கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழா பத்து நாள், கல்யாணப் பூசை, செத்தவர்கள் பூசை, பெருக்கிக்கொண்டே போய் ஒரு இடத்தில் பயந்து நிறுத்திவிடுவேன். நாக்கை நீட்டி வாங்கினேனே அத்தனையையும். வாங்காமல் இருந்தால் ஊர் பார்க்கும், தெக்லா ஏன் நன்மை வாங்கவில்லை என்று மதலேன் அக்கா கேட்பாள். மதலேன் அக்காவின் கேள்விக்குப் பயந்து ஆண்டவரை விழுங்கினேன்.

ஒரு சொல்தான். "சொன்னேன்." அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. இந்த 'எதுவும் செய்யவில்லை' என்ற இடத்தில்தான் எப்போதும் மனசு போய்த் தட்டி நிற்கும். அப்போது ஊரில் கைபேசி கிடையாது. கோயில் அலுவலகத்தில்தான் போன். எனக்கு இருபத்தொரு வயது, ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக்கொடுக்கிற வேலை. கார்த்திகை மாசம், மத்தியானம் இரண்டேகால். மீன்துறையிலிருந்து போன் வந்தது, காற்று அறுபது கிலோமீட்டர் வரை போகும், வள்ளங்கள் யாரும் கடலுக்குப் போகவேண்டாம், மைக்கில் சொல்லிவிடுங்கள் என்று. நான் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். மைக்கில் அறிவிக்கிறது உபதேசியார் வேலை. கல்யாணமோ சாவோ ரேஷன் சர்க்கரையோ, கஸ்பார் உபதேசியாரின் குரலில்தான் ஊருக்குத் தெரியும். அவரைத் தேடிப்போனேன், பூசைச் சாமான்கள் வைக்கிற அறை வெறுமனே சாத்தியிருந்தது. தட்டியிருக்கலாம். அவர் உள்ளே காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தாராம், பிறகுதான் தெரிந்தது. நான் தட்டவில்லை. தையல்காரர் மூன்று மணிக்குக் கடையடைத்துவிட்டு சந்தைக்குப் போய்விடுவார், அக்காள் கல்யாணத்துக்கு ரவிக்கை வாங்கவேண்டும், போய் வாங்கிக்கொண்டு வந்து சொல்லிவிடலாம், வள்ளம் இறங்க நாலு மணி ஆகும் என்று நினைத்தேன். தையல்கடையில் ரவிக்கையின் கை சரியாக இல்லை. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதற்காக நான் சண்டை போட்டேன், அவர் அங்கேயே பிரித்துத் தைத்துக் கொடுத்தார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் என் இடுப்பில் சொருகியிருந்தது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காளை ரவிக்கையைப் போட்டுக் காட்டச் சொன்னோம், எல்லோரும் சிரித்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் பின்பக்கத்துப் பனையோலைகள் சடசடவென்று அடிக்கத் தொடங்கியபோதுதான் என் கை இடுப்புக்குப் போனது.

மறந்தது பாவமா? மறந்தது பாவமில்லை என்று நான் ஆயிரம் தடவை எனக்கே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாளை அடுப்பில் போட்டேனே. அது மறதியில்லை. அந்த நேரம் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், வள்ளங்கள் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஒன்றும் ஆகியிருக்காது, ஆகியிருக்கலாம், பெரிய விசைப்படகு ஒன்றை அனுப்பியிருக்கலாம். நான் அடுப்படியில் குந்தி உட்கார்ந்து தாள் சுருள்வதைப் பார்த்தேன். விடியும்போது வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. இஞ்ஞாசியின் வள்ளம் மட்டும் வரவில்லை. கல்யாணமாகி ஒன்பது மாதம் அவனுக்கு. மூன்றாம் நாள் கரையொதுங்கினான். அவன் பெண்டாட்டி ரெஜினா அவனுடைய கால்விரலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வேறு எதையும் அவளுக்குப் பார்க்கக் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் கோயில் கூடத்தில் ஊர் கூடியது. போன் வந்தது உண்மை என்று மீன்துறை ஆள் சொல்லிவிட்டார். பழைய பங்குச்சாமி என்னை முன்னால் கூப்பிட்டார். "தெக்லா, போன் நீதான எடுத்த? உபதேசியார்ட்ட சொன்னியாம்மா?" ரெஜினாவின் அண்ணன்மார் கூடத்தின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கைகளைப் பார்த்தேன். "சொன்னேன் சாமி." அவ்வளவுதான். உபதேசியார் எழுந்து நின்றார். நீ சொல்லவில்லையே என்று கத்துவார், நான் அழுதுவிடுவேன், எல்லாம் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஒருவகையில் அதற்கு ஆசைப்பட்டேன். அவர் என்னைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தூரத்தில் வருகிற ஆளை யாரென்று பார்க்கிறவர் மாதிரி, எதையோ ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றார். "பிள்ள பொய் சொல்லமாட்டா சாமி" என்றார். "எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். மாத்திர போட்டுக் கெடந்தேன். சொல்லியிருப்பா. நாந்தான் தூக்கத்துல..." அதற்குமேல் கூடத்தில் யாரும் அவரைப் பேச விடவில்லை.

இரண்டாவது கிழவியும் வெளியே வந்துவிட்டாள். உபதேசியார் எழுந்திருக்கிறார். பெஞ்சை ஊன்றி, சுவரைப் பிடித்து, முட்டியை ஒரு கையால் அழுத்தி. அந்த முட்டிகளை எனக்குத் தெரியும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அவர் கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் முழந்தாளால் நடக்கிறார் என்று ஊர் சொல்லும், நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு தடவை அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றபோது முட்டித்தோல் கறுத்துக் காய்த்து வெடித்திருந்ததைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷம் உபதேசியாராக இருந்தவர். வேலையை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஊருக்கு அவர் பெயர் உபதேசியார்தான், அதுவும் ஒரு ஏச்சு மாதிரி ஆகிவிட்டது. ரெஜினா அவர் வருகிற தெருவில் நடக்கமாட்டாள், நேரே வந்துவிட்டால் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு அவர் கடந்துபோகும்வரை நிற்பாள். இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னோடு பேசுவாள். என்னிடம் கருவாடு கொடுத்துவிடுவாள். "நீயாவது ஒழுங்காச் சொன்னியே ளா" என்று ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

அவர் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டார். நிமிஷம் போகிறது. முதல் இரண்டு பேருக்கும் இவ்வளவு நேரம் ஆகவில்லை. முணுமுணுப்பு வருகிறது, வார்த்தை பிடிபடவில்லை, பிடிபடாமலே எனக்குத் தெரியும். என்ன சொல்வார்? சாமி, ஒரு பிள்ளை என்னிடம் சேதி சொன்னது, நான் மறந்தேன், ஒரு மனுஷன் செத்துப்போனான். பதினோரு தவக்காலமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கொடுத்தாலும் மனசு ஆறாமல் அடுத்த வருஷமும் கொண்டுவருவார். அந்தப் பாவம் என்னுடையது. என் பாவத்துக்கு அவர் மனஸ்தாபப்படுகிறார், என் பாவத்துக்கு அவர் முட்டி தேய்கிறது, நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மனஸ்தாபம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு காலத்தில் இதிலேயே ஆறுதல் தேடியிருக்கிறேன், வெட்கக்கேடு, ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமக்கலாம் என்றுதானே நம் வேதமே சொல்கிறது, இதோ சிலுவையில் தொங்குகிறாரே, பாவம் எப்படியோ சுமக்கப்பட்டுவிட்டது, யார் முதுகு என்றால் என்ன என்று. அப்படி நினைத்த அன்று மத்தியானம் சோற்றுப்பானையை இறக்கும்போது கை தவறிக் கஞ்சித்தண்ணி காலில் கொட்டியது. சிலுவையில் இருக்கிறவர் தெரிந்து சுமந்தார். உபதேசியாருக்குத் தெரியாது. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு விம்மல் கேட்கிறது. திரைக்குள்ளிருந்து, சின்னப் பிள்ளையின் விக்கல் மாதிரி. மதலேன் அக்கா ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்திவிட்டு என் காதருகே குனிகிறாள். "பாவம்ளா. எத்தன வருசமாச்சு, இன்னும் அந்த ஆளுக்கு ஆறல பாரு." நான் தலையசைக்கிறேன். என் கழுத்து எப்படி அசைகிறது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. எழுந்து போய்விடலாம். வீட்டில் அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம். நாளைக்குப் பெரிய வியாழன், நற்கருணை வாங்கவேண்டும், வாங்கத்தான் போகிறேன், இன்னொரு தடவை. இன்றைக்கு ராத்திரி நெஞ்சு நின்றுவிட்டால்? போன மாதம் கடைக்காரர் மனைவி அப்படித்தான் போனாள், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. அந்தப் பயம்தான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது, உபதேசியார் மேல் இரக்கப்பட்டு நான் வரவில்லை. நரகத்துக்குப் பயந்து வருத்தப்படுவது ஒன்று, ஆண்டவரை நோகச் செய்துவிட்டோமே என்று வருத்தப்படுவது இன்னொன்று, இரண்டாவதுதான் உத்தம மனஸ்தாபம் என்று நானே கரும்பலகையில் எழுதுவேன். என்னிடம் இரண்டாவது இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். அடியில் கையை விட்டுத் துழாவினால் பயம்தான் வருகிறது, அதற்கடியிலும் பயம், நரகத்துக்குப் பயம், ரெஜினாவின் அண்ணன்மாருக்குப் பயம், என் வீட்டுக்காரர் முகத்துக்குப் பயம், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அந்தப் பதினேழு பிள்ளைகளும் என்னைப் பார்க்கப்போகிற பார்வைக்குப் பயம்.

திரை விலகியது. உபதேசியார் வெளியே வந்து யாரையும் பார்க்காமல் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதிக்குப் போய் முழந்தாளிட்டார். வலைக்கூடத்துக்காரர் உள்ளே போனார், வந்தார். மதலேன் அக்கா போனாள், கொஞ்ச நேரம் அவள் குரல் வெளியே வரைக்கும் கேட்டது, யாரோ ஓரகத்தியைப் பற்றி. பிறகு என் முன்னால் யாரும் இல்லை. பெஞ்சு முழுவதும் காலியாக நீண்டு கிடந்தது. நான் நடந்தேனா என்று தெரியவில்லை, முழந்தாள் பலகையில் பட்டபோது அது இன்னும் சூடாக இருந்தது. "என்னை ஆசீர்வதியுங்கள் சாமி, நான் பாவி." கம்பி வலைக்கு அந்தப்பக்கம் கன்னத்தில் கைவைத்த நிழல். "சொல்லும்மா." பிள்ளைகளை ஏசினேன் சாமி. மாமியார் மேல் கோபப்பட்டேன் சாமி. ஒரு ஞாயிறு பூசைக்கு. என் வாயிலிருந்து தவளைகள் வரிசையாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. "வேற ஏதாவது?" என்றார் சாமி. இதுதான் இடம். வாயைத் திறந்தேன். "அவ்வளவுதான் சாமி" என்றது வாய். நிழல் நிமிர்ந்தது, கை உயர்ந்தது, சாமி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார், அந்தக் குரல் சாந்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் நாலு வார்த்தையில் முடிந்துவிடும், முடிந்தால் நான் எழுந்து வீட்டுக்குப் போகலாம், அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கிறது. "வேண்டாம் சாமி" என்று கத்திவிட்டேன். வெளியே கேட்டிருக்கும். "நிறுத்துங்க சாமி. ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷமா இருக்கு."

கை இறங்கியது. நான் சொன்னேன். போன் வந்ததை, தாளை, ரவிக்கையின் கையை, அடுப்பை. கோயில் கூடத்தையும் அந்த ஒரு சொல்லையும். உபதேசியார் எழுந்து நின்று கண்ணைச் சுருக்கியதைச் சொன்னபோது அந்தப்பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. சாமி மூச்சை இழுத்தது கேட்டது, விட்டது கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால்மணி நேரத்துக்கு முன்னால் இதே பலகையில் உபதேசியார் முழந்தாளிட்டுச் சொன்னதை இந்த மனிதர் கேட்டிருக்கிறார். இரண்டு பாதியும் இவர் கையில் இருக்கிறது. ஒன்றை எடுத்து மற்றதோடு சேர்க்க இவருக்கு உரிமையில்லை, ஒருவருடைய பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது. ஒரு புறா கூரையில் இறக்கையை அடித்துக்கொண்டு இடம் மாறியது. பிறகு, "ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?" என்றார்.

"பயம் சாமி."

"இப்ப?"

"இப்பவும் பயம்தான். பயந்துதான் வந்தேன். அந்த மனுஷன நெனச்சு வரல. எனக்கு உத்தம மனஸ்தாபம் இல்ல சாமி. நான் சொன்னது செல்லுமா?"

"ஒரு பிள்ளை தெருவில நாய் துரத்துதுன்னு பயந்து வீட்டுக்கு ஓடிவருது. அம்மா மேல பாசம் வந்து ஓடிவரல, நாய்க்குப் பயந்துதான் வருது. அதுக்காக அம்மா கதவைத் திறக்காம இருப்பாளா?" என்றார். நான் அழுதேன். அழுகை நல்லதாகத்தான் இருந்தது, உடம்பெல்லாம் லேசாகி, அப்படியே அங்கேயே சாய்ந்து தூங்கிவிடலாம் போல. "ஆனா உள்ள வந்துட்டு கதவைச் சாத்திக்கிட முடியாதும்மா" என்றது அந்தக் குரல். "வெளியில உன்னால ஒரு மனுஷன் நிக்காரு. நீ அந்த ஆளோட பேரை எடுத்துட்ட. அதத் திருப்பிக் குடுக்கணும். திருப்பிக் குடுக்கிறேன்னு சொல்லு, நான் பாவமன்னிப்புத் தர்றேன்."

"குடுக்கேன் சாமி. ஈஸ்டர் முடியட்டும், வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"என்னைக்கு?"

அவருக்கு வேறு வேலையே இல்லாதது போலக் காத்திருந்தார். "இன்னைக்கு" என்றேன்.

பாவமன்னிப்பின் வார்த்தைகள் என் மேல் விழுந்தன. நினைத்திருந்தேன், இது எப்போதாவது நடந்தால் நெஞ்சிலிருந்து கல் உருண்டுவிடும், வானம் திறந்துவிடும் என்று. வெளியே வந்தபோது எதுவும் உருளவில்லை, எதுவும் திறக்கவில்லை. நரகம் போய்விட்டது போலிருக்கிறது, அது இருந்த இடத்தில் கஸ்பார் உபதேசியாரின் முதுகு இருந்தது, கிராதியில், பதினைந்து அடி தூரத்தில். மதலேன் அக்கா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். "என்னளா சத்தம் போட்ட உள்ள?" நான் அவளைத் தாண்டிப் போனேன். நரகத்தைவிட இந்தப் பதினைந்து அடி பயமாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, நானும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் பக்கத்தில் முழந்தாளிட்டேன். அவரிடமிருந்து சுருட்டு வாசனையும் தைல வாசனையும் வந்தது. திரும்பிப் பார்த்து இடம் விட்டு ஒதுங்கினார்.

"மாமா, அன்னைக்கு நான் உங்ககிட்ட சொல்லல."

"என்ன மக்களே?"

"காத்து வருதுன்னு போன் வந்துச்சே. நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. பொய் சொன்னேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கையை வைத்தார். "எனக்காகப் பொய் சொல்லுதியா ளா? வேண்டாம் மக்களே. நீ சொன்ன. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாசல்ல வந்து நின்ன. நீலச் சேல கட்டிருந்த. 'மாமா, காத்து வருதாம், மைக்ல சொல்லிருங்க'ன்ன. நான் சரின்னேன். படுத்த இடத்துல இருந்து சரின்னுட்டு அப்படியே கண்ணசந்துட்டேன்." அவர் குரலில் சந்தேகமே இல்லை. என் பொய் அவருக்குள் போய் வேர்பிடித்து, இலைவிட்டு, சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது. பதினோரு வருஷமாக அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எப்படி அவளைப் பிடுங்கி எடுப்பேன்? திரும்பிப் போய்விடலாம், நான் சொல்லியாகிவிட்டது, அவர் நம்பவில்லை, என் கடமை முடிந்தது என்று ஒரு குரல் உள்ளே எழுந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும், அடுப்படியில் குந்தியிருந்தபோது பேசிய அதே குரல்.

"மாமா, அப்போ நான் சேல கட்டமாட்டேன். கல்யாணத்துக்குப் பொறவுதான் சேல. அன்னைக்குப் பாவாட தாவணி. அலுவலகத்துக்குத் தாவணிலதான் வருவேன், நீங்கதான 'தாவணி தரையில இழுவுது பாரு'ன்னு சத்தம் போடுவீய."

அவர் உதடு அசைந்தது. கண்ணைச் சுருக்கினார், கூடத்தில் அன்று சுருக்கியது மாதிரியே. அவருக்குள் அந்த வாசலை நோக்கி யாரோ நடந்துபோவதை என்னால் பார்க்க முடிந்தது. நான் தையல்காரரைச் சொன்னேன், அடுப்பில் தாள் சுருண்டதைச் சொன்னேன், சாத்தியிருந்த கதவைத் தட்டாமல் திரும்பியதைச் சொன்னேன்.

"இன்னொருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொருக்க." மூன்றாம் தடவை சொல்லும்போது என் குரல் கோயிலில் எல்லாப் பக்கமும் கேட்டது. மதலேன் அக்காவின் ஜெபமாலை பெஞ்சில் விழுந்த சத்தமும் கேட்டது. உபதேசியாரின் கை கிராதியை இறுகப் பிடித்திருந்தது, நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் பயந்துபோன முகத்தோடு என்னிடம் கேட்டார். "செய்யாத பாவத்தச் செஞ்சேன்னு சாமிட்ட சொல்லிருக்கனே, அது பாவமா ளா? இத்தன வருசம் சொல்லிருக்கனே."

"இல்ல மாமா. உங்க மேல ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல."

அவர் பீடத்தைப் பார்த்தார். "எழும்ப முடியல. கையக் குடு" என்றார். கொடுத்தேன். பாரம் முழுவதையும் என் கையில் போட்டு எழுந்தார், நின்றதும் என் கையை விட்டுவிட்டார், ஒட்டியிருந்த எதையோ உதறுகிறவர் போல வேட்டியில் துடைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் வருகிற எதையும் சொல்லவில்லை. "ரெஜினா வீட்டுக்குப் போவணும்" என்றார். "நீ முன்னால நட."

நான் முன்னால் நடக்கிறேன். அவர் செருப்புச் சத்தம் பின்னால் வருகிறது, ஒரு காலை இழுத்து, ஒரு காலை வைத்து. தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். உபதேசியாரும் தெக்லாவும் சேர்ந்து எங்கே போகிறார்கள் என்று கேட்பார்கள், இன்று விளக்கு வைப்பதற்குள் கேட்காமலே தெரிந்துவிடும், என் வீட்டுக்கு நான் போய்ச்சேருவதற்கு முன்னால் செய்தி போய்ச்சேர்ந்துவிடும். என் வீட்டுக்காரர் என்ன செய்வார்? திரும்பிப் பார்க்கலாமா, அவர் கொஞ்சம் பின்தங்கினால் நான் சந்துக்குள் போய்விடலாமா, அவர் பின்தங்கவில்லை, இத்தனை வயதுக்கு எப்படி இவ்வளவு வேகமாக வருகிறார். சாமி சொன்ன அந்தப் பிள்ளைக்கு நாய் பின்னால் வந்தது. எனக்குப் பின்னால் வருகிறவர் நான் கெடுத்த மனுஷன், முன்னால் இருக்கிற கதவு ரெஜினாவின் கதவு. ஓடுவதற்குப் பக்கம் இல்லை. அவள் முற்றத்தில் சாக்கை விரித்துக் காயப்போட்டிருந்த நெத்திலியை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்ததும் கூடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டாள்.

அந்த முதுகிடம்தான் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன், அதுவும் ஒரு இரக்கம்தான் எனக்குக் கிடைத்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ரவிக்கையைச் சொல்ல நாக்கு கூசியது, அதையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவள் திரும்பவில்லை. நெத்திலியின் மேல் ஈக்கள் வந்து உட்கார்ந்தன. உபதேசியார் இருமினார். ரெஜினா திரும்பினாள், என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள், அவருடைய தலையிலிருந்து கால்வரைக்கும், இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவள் போல. உள்ளே போனாள். அரிவாள்மணையை எடுக்கப்போகிறாள், அண்ணன்மாரைக் கூப்பிடப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தாள். அவர் முன்னால் போய் நின்று நீட்டினாள்.

"குடிங்க மாமா" என்றாள்.

அவர் குடித்தார். அண்ணாந்து, நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்க, சட்டையெல்லாம் நனைய முழுச் செம்பையும் குடித்தார். அவள் செம்பை வாங்கிக்கொண்டு, வழியில் இருந்த கூடையை ஒதுக்கி அவரைப் படியில் உட்காரச் சொன்னாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நான் ஒரு அடி பின்னால் வைத்தேன்.

"உள்ள வராத" என்றாள். "போவவும் செய்யாத. அங்ஙனயே நில்லு."

நின்றேன்.